வாடிக்கையாளரை விட்டு விலகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியவை

திருப்பூரில் சிறிய அலுவலகம் வைத்துக் கணக்கும் ஜிஎஸ்டி வேலையும் பார்க்கிறீர்கள். ஆறு ஆண்டுகளாக உங்களிடம் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியை எப்படி முறையாக விடுவது, அதற்கு என்ன கடிதம் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மாதப் பில்கள், தாக்கலின் கடைசி நாளுக்கு முந்தைய நாளான 19ஆம் தேதி இரவுதான் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. பதினான்கு மாதக் கட்டணம் நிலுவை. போன வாரம் உங்கள் உதவியாளராக இருக்கும் பெண்ணிடம் அந்த முதலாளி தொலைபேசியில் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார். இடையே ஒரே வரியில், சரக்கு வராத பில்லுக்கும் சில மாதம் உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். கடிதம் எழுதத் தெரியாமல் நீங்கள் தவிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விட்டால் பாக்கி போய்விடுமோ, ஊருக்குள் பேர் கெடுமோ, நாளைக்கு அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் ‘எல்லாம் பழைய ஆள் செய்த வேலை’ என்று உங்கள் தலையில் வந்து விழுமோ என்ற மூன்று பயங்கள்தான் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. மூன்றாவதற்குத்தான் அதிக இடம் தரப்போகிறேன். முழுக்க உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

நான் ஈரோட்டில் 26 ஆண்டுகளாகப் பட்டயக் கணக்காளராகத் தொழில் செய்கிறேன். இத்தனை ஆண்டுகளில் நானாக விலகிய வாடிக்கையாளர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஏழு பேரைக் கடைவீதியில் எதிரே பார்த்தால் இன்றும் நின்று நலம் விசாரிப்பேன். மற்ற இரண்டிலும் தவறு என்னுடையது. அதில் ஒன்றைக் கீழே சொல்கிறேன். நீங்கள் பட்டயக் கணக்காளர் அல்ல, ஜிஎஸ்டி பதிவு பெற்ற வரி ஆலோசகர் என்று எழுதியிருப்பதால், எங்கள் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் நடத்தை விதிகள் சில உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அவற்றில் பின்பற்றத் தக்கவை உண்டு. எது சட்டம், எது என் அனுபவம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில், விலகத்தான் வேண்டுமா? 19ஆம் தேதி இரவில் பில் அனுப்புவது பழக்கம், அதைத் திருத்தலாம். ‘10ஆம் தேதி மாலைக்குள் வராத பில் அடுத்த மாதக் கணக்கில்தான் வரும்’ என்று சொல்லி, இரண்டு மாதம் அதன்படியே நின்றால் பாதிப் பேர் திருந்திவிடுகிறார்கள். கட்டண பாக்கியும் சில இடங்களில் பேசித் தீர்கிறது. இந்த இரண்டு மட்டும் இருந்திருந்தால் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் அலுவலகப் பெண்ணிடம் அவர் பேசிய பேச்சு அப்படிப்பட்டதல்ல. உங்களிடம் கோபப்பட்டால் அது உங்களுக்கும் அவருக்கும் நடுவே உள்ள விவகாரம். உங்களை நம்பி வேலைக்கு வந்த பெண்ணிடம் அந்த வார்த்தைகளைச் சொன்ன ஒருவருக்கு நீங்கள் தொடர்ந்து வேலை செய்தால், அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொல்லும் பதில் என்னவாக இருக்கும்? இதில் எனக்குத் தயக்கமே இல்லை. விலகுங்கள்.

சரக்கு வராத பில் பற்றிய அந்த ஒரு வரி இதையெல்லாம் விடப் பெரியது. அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சரக்கோ சேவையோ கைக்கு வந்திருந்தால்தான் உள்ளீட்டு வரி எடுக்கலாம் என்பது மத்திய ஜிஎஸ்டி சட்டம் 16(2) பிரிவின் அடிப்படை நிபந்தனை. 122(3) பிரிவு, தவறுக்குத் துணை போகிறவருக்கும் அபராதம் விதிக்கிறது. துணை போகிறவர் என்றால் தெரிந்தே அந்தப் பில்லைக் கணக்கில் ஏற்றுகிறவரும்தான். ஆகவே இன்று முதல், விலகும் நாள் வரைக்கும்கூட, சந்தேகமான பில்லுக்கு இ-வே பில்லோ (சரக்கை வண்டியில் அனுப்ப எடுக்கும் மின்னணுச் சீட்டு), லாரி ரசீதோ, சரக்கு உள்ளே வந்த பதிவோ இல்லாமல் ஏற்றாதீர்கள். அவர் வற்புறுத்தினால், ‘இந்தப் பில்களுக்குச் சரக்கு வந்த ஆதாரம் கிடைக்கவில்லை, அதனால் சேர்க்கவில்லை’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிட்டு நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தது இருந்தால், வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். டிஆர்சி-03 படிவத்தில் தாமாக முன்வந்து கட்ட வழி இருக்கிறது. கடந்த மாதங்களில் அப்படிப்பட்ட பில்களை நீங்கள் தெரிந்தே ஏற்றியிருக்கிறீர்களா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. ஏற்றியிருந்தால் என் பதில் உங்களுக்குப் போதாது. வரி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஆவணங்களோடு நேரில் போய் உட்காருங்கள். பொதுவெளியில் கேட்டு முடிவு செய்யும் காரியம் அல்ல அது.

உங்கள் கேள்விக்கு எனக்கு முன்பே ஒருவர், ‘கட்டணத்தை மூன்று மடங்காகக் கேளுங்கள், தானாகவே போய்விடுவார்’ என்று பதில் எழுதியிருக்கிறார். எங்கள் தொழிலில் இது பரவலாகச் சொல்லப்படும் யோசனைதான். நான் ஏற்கமாட்டேன். பதினான்கு மாதமாகப் பழைய கட்டணத்தையே தராதவருக்கு மூன்று மடங்குக் கட்டணம் என்பது வெறும் எண். ‘சரி, போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் பழையபடியே இருப்பார். அப்போது நீங்கள் விலகவும் முடியாது, பணமும் வராது. அதைவிட மோசமான வழி, தொலைபேசியை எடுக்காமல் இருந்தே விட்டுவிடுவது. அது விலகல் ஆகாது. அந்த இடைவெளியில் ஒரு கெடு தவறினால் முழுப் பொறுப்பும் உங்கள் மேல் விழுவது நியாயமே.

இனி எப்போது விலகுவது. நம் தொழிலில் நல்ல நாளை நாட்காட்டியின் மேல்பக்கம் சொல்வதில்லை. தாக்கல் தேதிகள் சொல்கின்றன. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம், 20ஆம் தேதி 3பி என்ற வரி கட்டும் மாதக் கணக்கு. 3பி போட்டு முடித்த மறுநாள், அதாவது 21ஆம் தேதிதான் மாதத்தில் அமைதியான நாள். விலகும் தேதியை ஒரு 21ஆக வையுங்கள். சொல்கிற நாளுக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் ஒரு முழு மாதத் தாக்கல் இருக்கட்டும். ஒரு பனியன் கம்பெனிக்குத் தாக்கல் தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் வரிக்கு 18 சதவீத வட்டியும் சின்ன விஷயம். முந்தைய மாத 3பி போடாவிட்டால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது. ஜிஎஸ்டிஆர்-1 போடாவிட்டால், வாங்கியவருக்கு அவர் எடுக்கக்கூடிய உள்ளீட்டு வரியைக் காட்டி 14ஆம் தேதி வரும் 2பி பட்டியலில் அந்தப் பில் இருக்காது, அவர் பணத்தைப் பிடித்துவைப்பார். தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் இ-வே பில்லே எடுக்க முடியாது. சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும். அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் அவரிடம் தைக்கிறவர்களுக்கு வாரச் சம்பளம் அந்தச் சரக்கில்தான் இருக்கிறது.

மாதத்தையும் பாருங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை விலகாமல் இருப்பது நல்லது. வருமான வரித் தணிக்கை அறிக்கை, முந்தைய நிதியாண்டின் விடுபட்ட உள்ளீட்டு வரியை எடுக்க நவம்பர் 30 என்ற கடைசி நாள், டிசம்பர் 31இல் ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கு என்று அந்த நான்கு மாதங்களும் நெருக்கடி. மார்ச்சும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோட்டீசுக்குப் பதில் தரும் கெடுவோ மேல்முறையீட்டுக் காலமோ ஓடிக்கொண்டிருந்தால் நடுவில் இறங்கிவிடாதீர்கள். ஆணை கிடைத்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் கூடுதலாக ஒரு மாதம், அவ்வளவுதான் சட்டம் தருவது. அது போனால் அவருக்கு அந்தக் கதவு மூடிவிடும். வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதி இதைத்தான் சொல்கிறது: ஏற்ற வழக்கிலிருந்து தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் விலகக் கூடாது, விலகினால் உழைக்காத பகுதிக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். நம்மைக் கட்டுப்படுத்தாத விதி என்றாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரே விதிவிலக்கு, பொய்ப் பில்லைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பது. அப்போது முழு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. அந்த மாதத் தாக்கலைச் செய்ய மறுத்து, ஒப்படைப்பை மட்டும் முடித்துவிட்டு வெளியே வாருங்கள்.

சொல்லும் விதம் பற்றி. நான் முதலில் நேரில் போய்ச் சொல்வேன். அன்றே கடிதமும் கொடுப்பேன். காலை நேரத்தில், அவருடைய அலுவலகத்தில், நின்றபடி சொல்லாமல் உட்கார்ந்து சொல்லுங்கள். ‘அடுத்த மாதக் கணக்கு வரை முடித்துக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு என்னால் தொடர முடியாது. நீங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற மூன்று வாக்கியங்கள் போதும். ‘ஏன் சார், என்ன ஆயிற்று?’ என்று கேட்பார். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறோம். ஆறு ஆண்டு மனக்குறையும் வாய் வரைக்கும் வரும். வரிசையாகச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு சமாதானம் இருக்கும். பேச்சு பேரமாக மாறும். கடைசியில் ஒரு காபியோடு நீங்கள் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒரே ஒரு காரணத்தைச் சொல்லுங்கள், அதுவும் உண்மையானதைச் சொல்லுங்கள்: ‘என் அலுவலகப் பெண்ணிடம் நீங்கள் பேசியதற்குப் பிறகு என்னால் தொடர முடியவில்லை.’ வேலைப் பளு, உடல்நிலை என்று பொய்க் காரணம் சொல்லாதீர்கள். அடுத்த மாதமே நீங்கள் பக்கத்துக் கம்பெனி வேலையை எடுப்பீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும்.

கடிதத்தில் அந்தக் காரணம்கூட வேண்டாம். நான் எழுதும் கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘வணக்கம். தங்கள் நிறுவனத்தின் கணக்கு, ஜிஎஸ்டி பணிகளை இதுவரை செய்து வந்துள்ளேன். ஜூன் மாதத்துக்குரிய தாக்கல்களை ஜூலை 20க்குள் முடித்துக் கொடுத்தபின் இப்பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். ஜூலை மாதக் கணக்கிலிருந்து தாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுகிறேன். தங்கள் ஆவணங்கள் அனைத்தையும் ஜூலை 21 அன்று பட்டியலுடன் ஒப்படைப்பேன். இன்றைய தேதியில் முடிந்த பணிகளும், நிலுவையில் உள்ளவையும், அவற்றின் கெடு தேதிகளும் இணைப்பில் உள்ளன.’ இதில் கடிதத்தைவிட இணைப்புதான் முக்கியம். எந்த மாதம் வரை எது போட்டாயிற்று, எந்த நோட்டீசுக்கு என்ன பதில் எந்தத் தேதியில் போனது, எது பாக்கி என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று அனுப்புங்கள். தேதி போட்ட அந்த ஒரு தாள்தான் நாளைக்கு உங்களுக்காகப் பேசும்.

இனி ஒப்படைப்பு. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது, அதற்கு முன்பிருந்த வாட் வரிப் பதிவிலிருந்து மாற்றும் அவசரத்தில் நம்மில் எத்தனையோ பேர் வாடிக்கையாளரின் பதிவில் நம்முடைய கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்தோம். அப்போது அது உதவியாக இருந்தது; ஓடிபி கேட்டு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் இப்படி ஆரம்பித்தது ஒரு கட்டத்தில், இடைத்தரகர்கள் கடவுச்சொல்லைத் தர மறுக்கிறார்கள் என்று வியாபாரிகள் புகார் செய்யும் அளவுக்குப் போயிற்று. 2018இல் மத்திய நிதி அமைச்சகமே, அப்படி மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் சரக அதிகாரியிடம் ஆவணங்களோடு போய் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. நம் தொழிலுக்கு அது பெருமை சேர்த்த அறிவிப்பு அல்ல. ஆகவே உங்கள் முதல் வேலை, அவர் பதிவில் யாருடைய எண் இருக்கிறது என்று பார்ப்பது. உங்களுடையதாக இருந்தால், அவரை அல்லது அவர் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் எண்ணுக்கு மாற்றுங்கள். அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத திருத்தம் அது. வருமான வரித் தளம், டிடிஎஸ் தளம், இ-வே பில், பிஎஃப், ஈஎஸ்ஐ என்று எல்லா இடத்திலும் இதையே செய்யுங்கள். மாற்றி முடித்ததும் கடவுச்சொல்லை அவரையே புதிதாக வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள். புதிய கடவுச்சொல் உங்களுக்குத் தெரியாமல் இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது நோட்டீசுகள் தளத்திலும் மின்னஞ்சலிலும்தான் வருகின்றன. தளத்தில் ஏற்றப்பட்ட நோட்டீசைப் பார்க்கவே இல்லை, ஆலோசகர் சொல்லவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வியாபாரிகள் ஏராளம். வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, மறு விசாரணைக்கு நீதிமன்றம் திருப்பி அனுப்பிய வழக்குகள் பல. ஒவ்வொரு மனுவிலும் பெயர் சொல்லாமல் ஒரு ஆலோசகர் இருக்கிறார். நீங்கள் விலகி ஆறு மாதம் கழித்து உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் நோட்டீஸ் உங்களை அந்த ஆலோசகராக ஆக்கிவிடும். தளத்தில் ஆலோசகராக உங்களை அவர் முறைப்படி இணைத்திருந்தால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். பிசிடி-05 என்ற படிவம் அங்கீகாரம் தருவதற்கும் திரும்பப் பெறுவதற்கும் உள்ளதுதான். பெரும்பாலோர் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லில் நேராக நுழைந்தே வேலை பார்க்கிறோம். அப்போது நீங்கள் விலகியதற்குத் தளத்தில் எந்தத் தடயமும் இருக்காது. தேதி போட்ட கடிதம் வேண்டும் என்பது அதனால்தான். ஒரு ஆறுதலும் சொல்கிறேன். ஆலோசகர் போட்ட கணக்கானாலும் அதிலுள்ள விவரங்களின் சரித்தன்மைக்குப் பொறுப்பு பதிவு பெற்ற வியாபாரிதான் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 48(3) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் மூன்றாவது பயத்துக்குச் சட்டத்தில் உள்ள பதில் அதுதான், நீங்கள் தெரிந்தே தவறு செய்யாத வரைக்கும்.

மின்னணுக் கையெழுத்து உள்ள யுஎஸ்பி டோக்கன்களையும் மறந்துவிடாதீர்கள். என் மேசை இழுப்பறையில் ஒரு காலத்தில் நாற்பதுக்கு மேல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்ட் போட்டுச் செருகிய துண்டுச் சீட்டில் பெயரும் பின் எண்ணும் எழுதியிருக்கும். இன்று நினைத்தால் உடல் நடுங்குகிறது. அது இன்னொருவரின் கையெழுத்து. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டியவர் அதன் உரியவர். எந்த இழுப்பறையில் இருந்தாலும் தேடி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் இரண்டு படிகளில் பட்டியல் எழுதுங்கள். கொள்முதல் பில் கோப்புகள் எத்தனை, விற்பனைக் கோப்புகள் எத்தனை, வங்கிக் கணக்கு அறிக்கைகள், டாலி கணக்கு மென்பொருளின் பேக்கப் உள்ள பென் டிரைவ், டோக்கன், அசல் பதிவுச் சான்றிதழ் என்று எண்ணி எழுதி, கீழே ‘மேற்கண்டவற்றைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்’ என்று அவர் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். முதலாளி வராவிட்டால் அவர் எழுதிக் கொடுத்து அனுப்பும் ஆளிடம் வாங்குங்கள். டாலியில் நீங்கள் வைத்த கடவுச்சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் சொந்தக் குறிப்புகளும், நீங்கள் போட்ட கணக்குகளின் நகல்களும் உங்களிடம் இருக்கட்டும். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டுக் கணக்கின் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது வியாபாரிக்கான விதி. உங்கள் நகலையும் அதுவரை வைத்திருங்கள்.

‘பாக்கியைக் கொடுக்கும் வரை கோப்பைத் தராமல் பிடித்து வைக்கலாமா’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்திருக்கிறேன். வாட் காலம், 2012. ஒரு ஜவுளி மொத்த வியாபாரி 42,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. அவருடைய கொள்முதல் பில் கோப்புகள் ஏழு என் அலமாரியில் இருந்தன. பணம் வந்தால்தான் கோப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நியாயமாகவும் பட்டது. சில மாதத்தில் அசல் பில்களைக் காட்டச் சொல்லி அவருக்கு வணிக வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. என்னிடம் வந்து கேட்க அவருக்கு மனம் வரவில்லை. கெடு முடிந்து உள்ளீட்டு வரி முழுக்க மறுக்கப்பட்டது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன் ஒரு சாயங்காலம் அந்த ஆணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து என் அறை வாசலில் நின்றான். உள்ளே வா என்று சொல்லியும் வரவில்லை. ‘அப்பாவுக்குத் தெரியாமல் வந்தேன் சார், பில் மட்டும் கொடுங்கள்’ என்றான். அன்றே ஏழு கோப்புகளையும் அவன் ஸ்கூட்டரில் நானே கட்டி வைத்தேன். மேல்முறையீட்டில் சரியாயிற்று. ஆனால் அதற்கு ஆன காலமும் செலவும் என் 42,000 ரூபாயை விட அதிகம். அந்தப் பணத்தை நான் பிறகு கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கி முதலான ஐந்து வகையினருக்கு மட்டும் தருகிறது. கணக்காளர் அந்தப் பட்டியலில் இல்லை. தனி ஒப்பந்தம் இருந்தால்தான் உண்டு. வழக்கறிஞர்கள் கட்டண பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க முடியாது, கோப்புகளைப் ‘பொருள்’ என்று கருத முடியாது என்று 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இவ்வளவு உறுதி. 170ஆம் பிரிவின் கீழ், தாம் உழைத்த அந்தக் குறிப்பிட்ட ஆவணத்தை மட்டும் பிடித்து வைக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. வாதிடக்கூடிய விஷயம்தான். ஆனால் வாதத்தில் ஜெயித்தாலும் அந்தப் பையன் வாசலில் நிற்பதை மாற்ற முடியாது. பிடித்து வைக்காதீர்கள்.

பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் இருக்கின்றன. செய்த வேலைக்கான கட்டணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு காலவரம்பு. அதற்குள் அவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். ஆகவே மாதவாரியாக ஒரு கணக்கு அறிக்கை தயாரித்து, ‘சரிபார்த்து உறுதி செய்யவும்’ என்று கேட்டு வாங்குங்கள். ஒப்படைப்புப் பட்டியலோடு சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் போட்டால்தான் கோப்பு என்று நிபந்தனை வைக்காதீர்கள். உங்கள் அலுவலகத்துக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் 2006 உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. இத்தகைய பாக்கிகளுக்கென அரசு வைத்திருக்கும் இணையத் தளத்தில் மனுப் போடலாம். வேலை செய்வதற்கு முன்பே பதிவு இருந்திருந்தால்தான் வாதம் பலமாக நிற்கும். இல்லையென்றால் இந்த ஒரு வாடிக்கையாளருக்குப் பயன்படாவிட்டாலும் இந்த வாரமே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மனுப் போடுவதா, விட்டுவிடுவதா என்பது சட்டக் கேள்வி அல்ல. என் அனுபவத்தில், மரியாதையாக ஒப்படைத்துவிட்டு வந்த ஏழு பேரில் நான்கு பேர் முழுதாகவோ பாதியாகவோ ஓராண்டுக்குள் கொடுத்திருக்கிறார்கள். புதிய ஆலோசகர் முதல் மாதமே முன்பணம் கேட்கும்போது பழைய பாக்கி அவர்களுக்கு உறுத்துகிறது என்பது என் ஊகம். உங்களுடையவர் அப்படிப்பட்டவரா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பதினான்கு மாதத் தொகை உங்கள் அலுவலகத்தின் இரண்டு மாதச் செலவுக்கு மேல் என்றால் மனுப் போடுங்கள். அதற்குக் குறைவென்றால் இரண்டு நினைவூட்டலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதே என் வழக்கம்.

பேர் கெடுவது பற்றி. அவர் பேசத்தான் செய்வார். ‘காசு கேட்டே உயிரை எடுத்தான்’ என்று சங்கக் கூட்டத்தில் சொல்வார். நீங்கள் பதிலுக்கு எதுவும் சொல்லாதீர்கள். பட்டயக் கணக்காளர் சட்டம் வாடிக்கையாளரின் விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை நடத்தைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும், இன்று அவரைப் பற்றி நீங்கள் பேசுவதைக் கேட்கும் மற்ற வாடிக்கையாளர் நாளைக்குத் தன்னைப் பற்றியும் பேசுவீர்கள் என்றுதான் நினைப்பார். எங்களில் புதிதாகத் தணிக்கையை ஏற்பவர் பழைய தணிக்கையாளருக்கு எழுதிக் கேட்டாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. கம்பெனித் தணிக்கையாளர் விலகினால் 30 நாளுக்குள் காரணத்தோடு ஏடிடி-3 படிவமும் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு இவை இல்லை. ஆனாலும் புதியவர் தொலைபேசியில் அழைத்தால் எடுத்துப் பேசுங்கள். எங்கே எது இருக்கிறது, எந்த நோட்டீஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். பொய்ப் பில் பற்றிக் கேட்டால், ‘நிலுவை பற்றி அவருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அவரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவருக்கு அது போதும்.

கடிதம் தயாராக இரண்டு நாள் ஆகலாம், ஒப்படைக்க ஒரு மாதம் ஆகலாம். உங்கள் உதவியாளரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: அந்த முதலாளியின் எண்ணிலிருந்து வரும் எந்த அழைப்பையும் இனி அவர் எடுக்க வேண்டியதில்லை, பில் வந்தால் நீங்களே வாங்கிக்கொள்வீர்கள், ஒப்படைக்கும் நாளில் அந்தக் கம்பெனி வாசலுக்கு அவர் வர வேண்டாம்.